மிக்சரில் ஒரு சாக்பீஸ் கோடு

அவரை அவர் மனைவிதான் இழுத்துக்கொண்டு வந்தார். காது பரிசோதனை நிலையத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். சட்டையில் குத்தியிருந்த அடையாள அட்டையைக் காரணமே இல்லாமல் குனிந்து குனிந்து பார்த்துக்கொள்ளும் காலம் அது.

"குக்கர் விசில் இவருக்குக் கேக்க மாட்டேங்குது சார். பக்கத்துலயே உக்காந்திருக்காரு, சோறு அடிபிடிச்சுப் புகை வருது, அப்பவும் பேப்பர்தான் படிக்கிறாரு."

"அது விசிலே அடிக்கல," என்றார் அவர்.

"ஆமா, குக்கர் உங்ககூடச் சண்டை போட்டுட்டுப் பேசாம இருந்துச்சு."

அந்த அக்கா தையல் கடை வைத்திருப்பவர். அவர் கணவர், ஊரின் பெரிய அரங்கத்தில் ஒலி அமைப்பாளர். மைக்கைச் சோதிக்க அவர் சொல்லும் எண்களை வைத்து அங்கே எல்லோரும் அவரை 'ஒன் டூ' என்றே கூப்பிடுவார்களாம். "காதுதான் சார் எனக்குச் சோறு போடுது. அது எப்படிக் கெடும்?" என்று கேட்டுக்கொண்டே கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார்.

உள்ளே இருப்பவர் காதில் மாட்டிய கருவியில் மெல்லிய ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். என் பக்கம் விளக்கு எரியும். ஒவ்வொரு ஒலிக்கும் விளக்கு டாண் டாண் என்று எரிந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. அவர் வயதுக்கு இது அதிகம் என்று எனக்கு உறுத்தியது. ஒலி எதுவும் கொடுக்காமல் கையை மட்டும் அசைத்துப் பார்த்தேன். விளக்கு எரிந்தது.

என் முதுகுக்குப் பின்னால் இருந்த அலமாரிக் கண்ணாடியில் என் கை அவருக்குத் தெரிந்திருக்கிறது. எழுந்து போய்த் திரையை இழுத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு தாழ்ந்த ஒலிகளுக்கு மட்டும் விளக்கு எரிந்தது. மேலே போகப் போக, கூர்மையான ஒலிகளில், அது எரிவதே நின்றுபோனது. நான் கூட்டினேன். இன்னும் கூட்டினேன். இரண்டு காதிலும் அதே கதை. இடது காது இன்னும் மோசம். வேலை செய்யும்போது ஸ்பீக்கர் அடுக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்று பிறகு கேட்டேன். இடது பக்கம்.

வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்த்ததும் அக்காவைத் தண்ணீர் வாங்கி வர அனுப்பிவிட்டார்.

"தம்பி, இது வெளிய போகாதுல்ல?"

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேண்ணே. ஆனா..."

"அரங்கத்துல ரெண்டு வாட்டி ஸ்பீக்கரோட ஹார்ன் எரிஞ்சுபோச்சு. கூர்மையான சத்தமெல்லாம் அது வழியாத்தான் வரும். கரண்டு ஏறி இறங்குது, அதான் எரியுதுன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். புதுசு மாட்டியிருக்காரு. இன்னொண்ணு எரிஞ்சா, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் பக்கமே வரக் கூடாதுன்னுட்டாரு."

"சத்தம் எல்லை தாண்டாம பிடிச்சு நிறுத்துற லிமிட்டர் இருக்குமே?"

"அது சத்தத்தை அமுக்குதுன்னு ஆஃப் பண்ணி வெச்சிருக்கேன்."

"அப்ப கூர்மை கூடுது குறையுதுன்னு எதை வெச்சுப் பார்ப்பீங்க?"

"என் காதை வெச்சுதான்..." என்று தொடங்கியவர் பாதியில் நின்றார். முகம் வெளிறிவிட்டது. தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: "முன்வரிசைல காதைப் பொத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்க தம்பி. எனக்கு மந்தமா இருக்கும். நான் ஏத்திக்கிட்டே இருப்பேன்."

அந்த வார இறுதியில் ஒரு நடனப் பள்ளியின் ஆண்டு விழா. விடுப்பு எடுக்கச் சொன்னேன். எடுத்தால் ஏன் என்று முதலாளி கேட்பாரே என்றார். கடைசியில், ஒலியளவு மானியோடு நானும் வருவதாக முடிவானது. அக்காவும் வருவேன் என்று நின்றார். வாசலிலேயே எல்லாவற்றையும் கேட்டுவிட்டிருந்தார்; தண்ணீர் வாங்கப் போகவே இல்லை.

மதியம், காலி அரங்கத்தில், லிமிட்டரை மறுபடி இயக்கிவைத்தார். அக்கா முன்வரிசையில் ஒரு பாட்டு, நடுவில் ஒரு பாட்டு என்று மாறி மாறி உட்கார்ந்து, "காதுல ஊசி குத்துதுங்க, குறைங்க," "இப்பச் சரி," என்று கத்தினார். நான் மானியைப் பார்த்துத் தலையாட்டினேன். மிக்சரின் வலக்கோடியில் இருந்த, கூர்மையான ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கட்டைகளை அவர் கீழே இறக்கியபோது, ஏதோ விலை உயர்ந்ததைக் கைநழுவ விடுகிறவர் போல இருந்தார். "செத்த சத்தமா இருக்கே," என்று முனகினார்.

"உங்களுக்கு அப்படித்தான் இருக்கும்," என்று அக்கா கைப்பையிலிருந்து தையல் சாக்பீஸை எடுத்து, கட்டைகளுக்கு மேலே ஒரே இழுப்பில் கோடு போட்டார். "கத்தரி இதைத் தாண்டினா துணி கெட்டுச்சுன்னு அர்த்தம். தாண்டாதீங்க."

மாலையில் அரங்கம் நிறைந்துவிட்டது. மூவரும் மிக்சருக்குப் பின்னால் இருந்தோம். நல்ல வேளையாக முதல் சில பாட்டுகள் அமைதியாகக் கழிந்தன. அவர் மட்டும் ஒவ்வொரு பாட்டு தொடங்கும்போதும் ஹார்ன் பக்கம் திரும்பி, அது எரிகிற வாசம் வருகிறதா என்று மூக்கை உறிஞ்சினார். நானும் உறிஞ்சத் தொடங்கிவிட்டேன்.

பிறகு நடன மாஸ்டர் வியர்த்து வடிந்து ஓடி வந்தார். "அண்ணே, சவுண்டே இல்லண்ணே! பிள்ளைங்களுக்குத் தாளம் கேக்கல, தூக்குங்க!" பின்வரிசையில் சிலர், "ஒன் டூ, தூங்கிட்டியா?" என்று குரல் கொடுத்தார்கள். முதலாளி எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது அப்போதுதான். அக்கா கணவரின் கை பழக்கதோஷத்தில் வலக்கோடிக்குப் போனது. அக்கா அந்தக் கையின்மேல் தன் கையை வைத்தார். அவர் உதறியதில் கட்டைகள் மேலே ஏறிவிட்டன. உள்ளங்கை வியர்வை கோட்டின்மேல் இழைந்தது. விரலை எடுத்துப் பார்த்தால் கோடு இல்லை. வெள்ளையாக ஒரு தீற்றல்தான் இருந்தது.

கட்டைகள் முன்பு எங்கே இருந்தன என்று மூவருக்கும் தெரியவில்லை; என் மானி மொத்தச் சத்தத்தை மட்டுமே காட்டும். சத்தம் எல்லையை முட்டுவதைக் காட்டும் லிமிட்டரின் சிவப்பு விளக்கு அணையாமல் எரியத் தொடங்கியது. அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, கேட்க முயன்றார். கூட்டவா குறைக்கவா என்று தெரியாமல் அவர் விரல்கள் கட்டைகளைத் தொட்டுத் தொட்டு விலகின. பாட்டின் இரைச்சலை மீறி அக்காவைப் பார்த்துக் கத்தினார்:

"நீயே சொல்லு! எனக்குக் கேக்கலடி!"

அந்த நொடியில் பாட்டு முடிந்துவிட்டது. 'கேக்கலடி' மட்டும் தனியாக அரங்கம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது. கூட்டம் சிரித்தது. முதலாளி சிரிக்கவில்லை.

அக்கா யாரையும் பார்க்கவில்லை. அடுத்த பாட்டு தொடங்கியதும் கணவர் காதருகே குனிந்து, "கீழ. இன்னும் கொஞ்சம். போதும்," என்றார். விழா முடியும்வரை அப்படியேதான் நடந்தது: அக்கா சொல்ல, அவர் விரல் நகர்ந்தது. மாஸ்டர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஹார்ன் எரியவில்லை.

மறுநாள் முதலாளி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். துணைக்கு நானும் போனேன். அறைக்கு வெளியே நின்றபோது அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார், கழற்றினார், மறுபடியும் போட்டார்.

"கரண்டு ஏறி இறங்குதுன்னு சொன்னியே," என்றார் முதலாளி. "மின்வாரியத்துக்கே போய் நாலு பேரை வாய்க்கு வந்தபடி திட்டிட்டு வந்தேன்யா நான். இனிமே அவனுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"தப்புதான் முதலாளி. மிக்சரை விட்டுடச் சொன்னா எங்க போறதுன்னு..."

"விடத்தான் சொல்றேன். காது கேக்காதவனை அங்க உக்கார வெச்சா நாளைக்கு என் காதும் போயிரும்." பிறகு, "மத்ததை யார் பாக்குறது? ஒயரு, ஆம்ப்ளிஃபயரு, அந்த லிமிட்டரு? அதுக்குக் கண்ணு போதும்ல?" என்றார்.

வெளியே வந்ததும் அவர் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். போன காது திரும்பாது என்பது எனக்குத் தெரியும். அதனால் பக்கத்தில் உட்கார்ந்ததோடு சரி.

இப்போது மிக்சரில் வேறொருவர் இருக்கிறார். இவர் ஆம்ப்ளிஃபயர் அறையைப் பார்த்துக்கொள்கிறார். லிமிட்டர் இருக்கும் பெட்டியின் சாவி இவர் இடுப்பில் தொங்குகிறது. யார் வந்து கெஞ்சினாலும் திறப்பதில்லை. நிகழ்ச்சி நடக்கும்போது காதில் பஞ்சடைப்பானும் வீட்டில் செவிக்கருவியும் மாட்டிக்கொள்கிறார். பேருந்தில் மட்டும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். இடது காதுக்குள் ஓயாமல் கேட்கும் ஓர் இரைச்சல் இன்னும் நிற்கவில்லை. ஹார்ன் எதுவும் இதுவரை எரியவில்லை. குக்கர் விசிலை அவர்தான் எண்ணுகிறார். சில நாள் ஒன்று விட்டுப்போய்ச் சோறு குழைந்துவிடுகிறது என்று அக்கா சொன்னார்.