கற்பிட்டியில் ஒரு ஜப்பானியப் பேயும் அடியில்லாத வாளியும்

ஜப்பானியப் பேய்ப்படங்கள் என்றால் எனக்குப் பைத்தியம். ஆற்றுக்கு ஒரு பேய், கிழிந்த குடைக்கு ஒரு பேய் என்று அந்த ஊர்ப் பழங்கதைகளில் எல்லாவற்றுக்கும் ஒன்று இருக்கும். கற்பிட்டிக் கடற்கரை ஹொட்டல் ஒன்றில் அப்படியொரு படம் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், மாசி மாதத்தில் லீவு போட்டுவிட்டு கொழும்பில் பஸ் ஏறினேன். பாலாவிச் சந்தியில் இறங்கி மாற வேண்டும். அங்கிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர்.

யுத்தம் முடிந்த பிறகு இந்தக் கரையில் முளைத்த ஹொட்டல்களில் அதுவும் ஒன்று. மணலில் திரை கட்டி, நடுவில் கயிறு இழுத்திருந்தார்கள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கதிரைகளில் நாங்கள். அந்தப் பக்கம் நின்றபடி ஊர் மீனவர்கள். அவர்களுடைய கரையில் அவர்களுக்கே கயிறு. எனக்கு அப்போதே எரிச்சல் தொடங்கிவிட்டது.

படம் உமிபோசு என்ற கடற்பேயைப் பற்றியது. கறுத்த மொட்டைத் தலையோடு எழும்பி, படகுக்காரனிடம் வாளி கேட்கும். நல்ல வாளியைக் கொடுத்தால் அதாலேயே தண்ணீரை அள்ளி ஊற்றிப் படகைத் தாழ்த்திவிடும். அதனால் அடியில்லாத வாளியைக் கொடுத்து ஏமாற்ற வேண்டும். திரைக்குப் பக்கத்தில் அப்படியொரு நீல வாளியை அலங்காரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். நானும் அதோடு நின்று படம் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை டொல்பின் பார்க்க, ஊரில் எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடும் மீனவர் ரஹீமின் படகில் போனேன். திரும்பும்போது காற்று கிளம்பி, அலை உள்ளே அடிக்கத் தொடங்கியது. நானா முன்பலகைக்குக் கீழே கையை விட்டு, தண்ணீர் இறைக்கிற வாளியை எடுத்து முக்கினார். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் முக்கினார். பிறகுதான் திருப்பிப் பார்த்தார். அடிப்பாகம் கத்தியால் வட்டமாக வெட்டப்பட்டிருந்தது. நேற்றிரவு நான் படம் எடுத்த அதே நீல வாளி. கரையில் நின்ற நானாவின் படகிலிருந்து ஹொட்டல்காரர்கள் எடுத்து, வெட்டி, காட்சி முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு நீந்தத் தெரியாது. காலைச் சாப்பாட்டுக்குப் பாண் கொண்டுபோன பெட்டியால் கரை வரைக்கும் இறைத்துக்கொண்டே வந்தேன். பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

காட்சியை ஏற்பாடு செய்த இளைஞர் ஹொட்டலில் காலைச் சாப்பாட்டில் இருந்தார். பழைய வாளிதானே, புதிதாக ஒன்று வாங்கித் தரலாம், இதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார். நான் தொண்டை கிழியக் கத்தினேன். ரஹீம் நானா கத்தவில்லை. வாளியை அவருடைய சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நானும் கயித்துக்கு அங்கால நிண்டு படம் பாத்தேன் தம்பி. ஓட்ட வாளி பேய்க்குத்தானே குடுக்கிற. எனக்கு ஏன் தந்தீங்க?"

இதை எழுதும்போதும் எனக்குக் கொதிக்கிறது. பேய்க்கதையை ரசிக்கத் தெரிந்த அந்த இளைஞருக்கு, அந்தக் கதை உண்மையான படகுக்காரர்களின் பயத்திலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: டொல்பின் பார்க்க மார்கழி முதல் பங்குனி வரை நல்லது, விடியவே கிளம்பிவிடுங்கள். ஹொட்டலை நடுவில் வைக்காமல் படகுக்காரரோடு நேரே கதையுங்கள். உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள். படகில் ஏறுமுன் வாளியைத் தூக்கி அதற்குள்ளால் பாருங்கள். வானம் தெரிந்தால், ஏற வேண்டாம்.