ரெண்டு இடத்துல வைங்க

கடைக்கு வருகிறவர்கள் அவரை டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டம் வாங்கிய டாக்டர் இல்லை. கெட்டுப்போன ஹார்ட் டிஸ்க்கிலிருந்து படங்களையும் கோப்புகளையும் மீட்டுக் கொடுக்கிறவர். கை ராசியான கை, வாய்தான் பொல்லாத வாய். டிஸ்க்கை மேஜையில் வைத்தவுடனே அர்ச்சனை ஆரம்பமாகிவிடும்.

"டிக் டிக்னு சத்தம் வந்தப்புறமும் பத்து தடவை சொருகிப் பாத்தீங்களா? நல்லா இருக்கு போங்க! எதையும் காப்பி எடுத்து ரெண்டு இடத்துல வைங்க, ரெண்டு இடத்துல வைங்கன்னு தலைபாடா அடிச்சுக்கறேன், யார் கேக்கறா?"

அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். நாலு வருஷத்துக்கு முன்னால் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஆபரேஷனுக்கு முந்தின இரண்டு நாள் அவள் இவரைக் கடைக்கு விரட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மைக் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்த்தாள். மகளுக்குக் கொஞ்சம், இவருக்குக் கொஞ்சம், என்றைக்கோ பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்குக் கதைகள். எல்லாம் ஒரே ஒரு கறுப்பு டிஸ்க்கில்.

வீடு திரும்பியபின் அதைக் கேட்க இரண்டு பேருக்குமே தெம்பில்லை. பீரோவில் துணிக்கு அடியில் போட்டு வைத்தார்கள். இன்னொன்றில் ஏற்றிவைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? கையில் எடுத்தாலே மனசு கலங்கிற்று. நாளைக்கு, நாளைக்கு என்றே நாலு வருஷம் ஓட்டிவிட்டார். ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுகிற மனுஷன்!

மகளுக்குக் குழந்தை பிறந்தது. பத்தாவது நாள் போனில் கேட்டாள். "அப்பா, அம்மா பேசி வச்சாங்களே, அந்தக் கதையெல்லாம் அனுப்புங்கப்பா. பாப்பா பாட்டி குரலைக் கேட்டு வளரட்டும்."

அன்று மத்தியானமே டிஸ்க்கை எடுத்துச் சொருகினார். டிஸ்க்கின் விளக்கு எரிந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. கேபிளை மாற்றினார். வேறு கம்ப்யூட்டரில் போட்டார். 'இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டது. செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும். வேண்டாம் என்று அமுக்கிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனார். டிக்... டிக்... அவர் கேட்காத சத்தமா அது!

ஆறவைத்து, கடைசித் தடவை என்று சாமியை வேண்டிக்கொண்டு சொருகினார். பதினோரு கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்தன. பின்னால் வந்து நின்ற மனைவியிடம், "ரொம்ப நேரம் தாங்காதும்மா. எதையும் திறக்காம அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு இழுத்துடணும்" என்றார்.

அவள் அவர் கைமேல் கை வைத்தாள். எப்போதும் வைத்திருக்கும் நோட்டில் எழுதிக் காட்டினாள்: 'ஒரு தடவை கேட்கணும். நான் எப்படிப் பேசுவேன்னு எனக்கே மறந்துபோச்சு.' 'அவருக்கு' என்று பெயரிட்ட கோப்பின்மேல் விரலை வைத்தாள்.

வேறு யாராவது கேட்டிருந்தால் கையைத் தட்டிவிட்டிருப்பார். ஆனால் நாலு வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்டது இது ஒன்றுதான். பாவி மனுஷன், திறந்துவிட்டார்.

"ஏங்க, கேக்குதா?" சிரிப்பும் கரகரப்புமாக அறையெல்லாம் அவள் குரல். "மொதல்ல இதை ரெண்டு இடத்துல வைங்க. ஊருக்கெல்லாம் சொல்லுவீங்க, சொந்த வீட்டுல கோட்டை விட்டுடுவீங்க, எனக்குத் தெரியாதா உங்களை! வச்சாச்சா? சரி, இப்ப கேளுங்க. இத்தனை வருஷமா உங்ககிட்ட சொல்லாத ஒண்ணு..."

டிக் என்றது. பெயர்கள் திரையிலிருந்து போய்விட்டன. விளக்கும் அணைந்தது.

அவர் மேஜையில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி அழுதார். "கொன்னுட்டேம்மா. என் கையாலேயே கொன்னுட்டேன். உள்ள தட்டே கீறிப்போச்சு, இதை யாராலயும் மீட்க முடியாது. பாப்பாவுக்கு இனிமே என்ன இருக்கு?" அவள் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். வெகுநேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "என்னம்மா அது? எங்கிட்ட சொல்லாதது? எழுதிக் காட்டேன்."

அவள் நோட்டை எடுத்தாள். பேனாவைத் திறந்தாள், பிறகு மூடிவைத்துவிட்டாள். குனிந்து, அவர் காதோடு வாயை வைத்து, முழுவதையும் சொன்னாள். காதில் உதடுகள் அசைவது மட்டும் அவருக்குத் தெரிந்தது.