வெயிலில் ஊறிய ஜிங்க் நீலம்

1. பந்தல்குடி போன்

“உங்க நீலமும் ஒண்ணுதான், வெறுந்தண்ணியும் ஒண்ணுதான். டப்பாவைத் திரும்ப எடுத்துக்கிடுங்க.”

பந்தல்குடியில் துணி சோப்புத் தூள் தயாரிக்கும் செல்வராஜ் அண்ணாச்சி போனில் இவ்வளவுதான் சொன்னார். நான் அருப்புக்கோட்டையில் ஒரு சின்ன சாயப்பொருள் கம்பெனியில் கியூசி இன்சார்ஜ். கியூசி என்றால் தரப் பரிசோதனை. சரக்கு நன்றாக இருந்தால் முதலாளிக்குப் பெயர். கெட்டுப்போனால் எனக்குப் பெயர். இன்றும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறேன், அதனால் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் பயப்படாமல் மேலே படிக்கலாம்.

விஷயத்தைக் கேட்டதும் முதலாளி முகம் சுண்டிவிட்டது.

“ஏம்மா கலா, இந்த ஆர்டரும் போச்சுன்னா நீல ரூமைப் பூட்டிருவேன். மிளகாய் வத்தல் ஏவாரி ஒருத்தரு குடோனுக்கு வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்காரு.”

சோப்புத் தூளில் கலக்கும் அந்த நீலம் தயாராகும் நீல ரூமில் ஐந்து பெண்கள் வேலை பார்த்தார்கள். அவர்களில் மூத்தவள் முத்துமாரி, திருச்சுழிப் பக்கத்துக் கிராமம். அவள் வீட்டில் எல்லாரும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள் அவள்தான். முதலாளி பேசியது கதவுக்கு அந்தப் பக்கம் அவள் காதில் விழுந்துவிட்டது.

“அக்கா, மறுபடியும் மிளகாக்காட்டுக்குப் போகச் சொல்லிராதீக” என்றாள்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

2. அந்த நீலத்தின் குணம்

அதன் முழுப்பெயர் ஜிங்க் தாலோசயனின். சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்பதால் எங்கள் ரூமில் அதை ஜிங்க் நீலம் என்போம். நடுவில் ஒரு துத்தநாக அணு, அதைச் சுற்றிக் கார்பனும் நைட்ரஜனும் கோத்த பெரிய வளையம். சூட்டுக்கு அசையாது, தண்ணீரில் கரையாது. அவ்வளவு பிடிவாதம். அதைக் கடும் கந்தக அமிலத்தில் வாட்டி எடுத்தால்தான் தண்ணீரில் கரையும் ரகமாக வழிக்கு வரும். சோப்புத் தூளுக்குப் போவது அந்த ரகம்.

அதன் வேலை விசித்திரமானது. வெயிலில் உள்ள சிவப்பு வெளிச்சத்தை உறிஞ்சி, அந்தச் சக்தியைப் பக்கத்தில் இருக்கும் ஆக்சிஜனுக்குக் கொடுத்து முறுக்கேற்றிவிடும். அந்த ஆக்சிஜன் போய்த் துணியில் இருக்கும் டீக்கறை, காப்பிக்கறையின் நிறத்தை உடைக்கும். துளியூண்டு போதும், கூடினால் துணியே நீலமாகிவிடும். கரைத்து வெளிச்சத்தில் வைத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னையும் அழித்துக்கொள்ளும், அதனால் கறுப்பு டப்பாவில்தான் சப்ளை செய்வோம். கையில் பட்டால் நன்றாகக் கழுவாமல் வெயிலுக்குப் போகக் கூடாது.

எடுத்து வைத்திருந்த சாம்பிளை, நிறத்தை அளக்கும் ஸ்பெக்ட்ரோ மெஷினில் மறுபடி போட்டேன். பீக், அதாவது கோட்டின் உச்சி, சரியான இடத்தில் நின்றது. டீக்கறைத் துணியைக் கண்ணாடித் தட்டில், அந்த நீலம் கலந்த சோப்புத் தண்ணீரோடு மொட்டைமாடி வெயிலில் வைத்தேன். பளிச்சென்று வெளுத்தது. சரக்கில் ஒரு குறையும் இல்லை. அப்படியானால் அங்கே என்னதான் செய்கிறார்கள்? மறுநாள் முத்துமாரியைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

3. பேச்சியம்மாளின் பிழிச்சல்

அண்ணாச்சியின் கம்பெனியில் துணி துவைத்துப் பார்க்கும் வேலை பேச்சியம்மாளுடையது. டீக்கறைத் துணியை எங்கள் நீலம் கலந்த தூளில், தகரக் கொட்டகை நிழலில் ஊற வைத்து, கசக்கி, பிழிந்தார். அவர் பிழிந்த பிழிச்சலில், துணிக்கு வாய் இருந்தால் அலறியிருக்கும். வடிந்த தண்ணீர் அடுத்த துணிக்கு. அதிலும் மிஞ்சியது முருங்கை மரத்துக்கு. பிறகு கொடியில் போட்டார். எனக்குக் கொடுத்த டீயைக் குடித்து முடிக்கவில்லை, துணி அப்பளமாக விறைத்து நின்றது, கறை மட்டும் போகவில்லை.

அப்போதுதான் எனக்குச் சுரீரென்றது. இந்த நீலத்துக்கு வெளிச்சமும் காற்றும் மட்டும் போதாது, ஈரமும் வேண்டும். எங்கள் தட்டில் துணி தண்ணீரில் கிடந்தது. இங்கே, நீலம் வேலையைத் தொடங்கும் முன்பே துணி காய்ந்துவிட்டது.

“அம்மா, இப்படிப் பிழிஞ்சா அது எங்க வேலை செய்யும்? சொட்டச் சொட்டக் காயப்போடுங்க” என்றேன்.

“ஏந் தாயி, சொட்டுற தண்ணிய உங்க அப்பாவா கொண்டாந்து ஊத்துவாக? தண்ணி லாரி எப்ப வருமோன்னு கெடக்கோம்” என்றார் பேச்சியம்மாள்.

அண்ணாச்சியும் சேர்ந்துகொண்டார். “மேடம், ஈரத்தோட வெளுக்குற சரக்க ஆத்துத் தண்ணி பாயுற ஊருல வித்துக்கிடுங்க. இது வானம் பாத்த பூமி.”

 நான் பிறந்ததும் இந்தப் பூமியில்தான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பிழிவோம். முத்துமாரி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பார்வையைத் தாங்க முடியாமல் திரும்பினேன். நிழலில் இருந்த ஊறல் பேசின் கண்ணில் பட்டது.

“அண்ணாச்சி, துணிய எப்படியும் ஊறப்போடுறீங்கள்ல?”

“ஆமா.”

“ஏன் நிழல்ல?”

“வெயில்ல வச்சா தண்ணி வத்திப்போகும்ல. இது ஒரு கேள்வியா?”

“முத்துமாரி, அந்தப் பக்கம் பிடி” என்றேன்.

இரண்டு பேசின்களை நடுவெயிலுக்கு இழுத்தோம். ஒன்றில் எங்கள் நீலம் கலந்த தூள், மற்றதில் வெறும் தூள். இரண்டிலும் ஒரே வேட்டியிலிருந்து கிழித்த, டீ ஊற்றிய துண்டுகள். முத்துமாரி அவ்வப்போது புரட்டிவிட்டாள். அண்ணாச்சி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உச்சி வெயில் சாயும்வரை அப்படியே ஊறவிட்டோம்.

“இப்ப உங்க இஷ்டம்போலப் பிழிங்கம்மா” என்றேன்.

பேச்சியம்மாள் இரண்டையும் முறுக்கி உதறினார். வெறும் தூளில் ஊறியதில் டீக்கறை அப்படியே படம் போட்டிருந்தது. எங்கள் நீலத்தில் ஊறியதில் தேடினாலும் இல்லை.

“ஏ ஆத்தே! இது புது வேட்டியால்ல இருக்கு!”

அண்ணாச்சி துண்டை முன்னும் பின்னும் திருப்பினார், வெயிலில் பிடித்துப் பார்த்தார். பேச்சியம்மாளிடம், “தண்ணி கூடச் செலவாச்சா?” என்று கேட்டார்.

“எப்பவும் ஊத்துறதுதான். பேசின்ல ரெண்டு செம்பு வத்தியிருக்கும். மறுதடவ கசக்குறது மிச்சம்ல.”

“அப்ப மேடம், பாக்கெட்டுல என்ன போடணும்னு நீங்களே சொல்லிருங்க.”

“வாளியை வெயில்ல வச்சு ஊறப்போடுங்கன்னு போடுங்க.”

“வாளி வேணாம் தாயி” என்று குறுக்கே வந்தார் பேச்சியம்மாள். “வாளிக்குள்ள வெயிலு எங்க எறங்கும்? அகலமான பேசினுன்னு போடச் சொல்லு.”

அப்படியே போட்டார்கள். இன்றும் அந்தப் பாக்கெட்டின் பின்பக்கம் அந்த வரிதான் இருக்கிறது. எனக்கு அதில் சொல்லி மாளாத பெருமை.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஸ்பெக்ட்ரோவில் பீக் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டதோடு வேலை முடிவதில்லை. சரக்கு போய் இறங்கும் ஊரில் தண்ணீர் எப்படி, வெயில் எப்படி, துவைக்கும் கை எப்படிப் பிழிகிறது என்று பார்த்துவிட்டு வருவதும் சப்ளையில் சேர்த்திதான்.

அன்றைக்குத் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் நின்றபடி முதலாளிக்கு போன் போட்டேன். நான் “ஹலோ” சொல்வதற்குள் முத்துமாரி போனைப் பிடுங்கிக்கொண்டாள். அதுவரை முதலாளிக்கு எதிரே நின்று நாலு வார்த்தை பேசாதவள்.

“சார், முத்துமாரி பேசுறேன். அந்த மிளகாய் வத்தல்காரர வேற குடோன் பாக்கச் சொல்லிருங்க!”