சம்பத்தின் வலது கால்

இஞ்சினை ஓடவிட்டு, எவர்சில்வர் டம்ளர் நிறையத் தண்ணீரை பானெட்டின் மேல் வைத்துவிட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறார் சம்பத். ஏசி ஓடுகிறது. பட்டப்பகலில் ஹெட்லைட் எரிகிறது. இஞ்சினுக்கு எவ்வளவு பாரம் கொடுத்தும் தண்ணீர் தளும்பவில்லை. "இப்ப ஆடேன், பார்க்கலாம்" என்று காரிடம் கெஞ்சுகிறார்.

மாடம்பாக்கத்தில் அவர் வீட்டு வாசலில் நிற்கும் அந்தக் காருக்கு இருபது வயதுக்கு மேல். இஞ்சின் ஓட, ஐட்லிங்கில் நிற்கும்போது சில நாள் குளிர் ஜுரம் கண்டதுபோல் நடுங்கும். சில நாள் அப்படியே அணைந்தும் போகும். வீட்டில் மட்டும் ஒருநாளும் நடுங்காது. கேம்ப் ரோடு சிக்னலில், பின்சீட்டில் மனைவி ஞானாம்பாள் சாய்ந்திருக்க, பின்னால் தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும்போதுதான் அதற்கு வரும். ஒரே ஒரு தடவை வாசலில் நடுங்கித் தொலைத்தால் என்ன கோளாறு என்று பார்த்துவிடலாம். அந்தக் கொடுப்பினைகூட இல்லை.

மெக்கானிக் சின்னப்பன் வந்தாலோ பெட்டிப் பாம்பாக அடங்கிவிடும். "சார், வண்டி சூப்பரா கீது. இதுல நான் இன்னாத்த பாக்கறது?" என்று கையைத் துடைத்துக்கொண்டு போய்விடுவான். சம்பத் பிளக் மாற்றினார், இக்னிஷன் காயிலை மாற்றினார். பழைய சைக்கிள் டியூபின் ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை ஒவ்வொரு ரப்பர் குழாயருகிலும் கொண்டுபோய், காற்றுக் கசிகிறதா என்று கேட்டார். தெருக்காரர்களுக்குச் சிரிப்பு. அவர் அழாத குறை.

ஞானாம்பாளுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று நாள் தாம்பரத்தில் டயாலிசிஸ். ஆட்டோ குலுக்கலில் வாந்தி எடுக்கிறாள். டாக்சிக்காரர்கள் தெருப் பள்ளத்தைப் பற்றிக் கேட்டதுமே கேன்சல் செய்துவிடுகிறார்கள். போன மாதம் வீடு திரும்பும் வழியில் சிக்னலில் கார் நின்றுபோனது. சம்பத் தள்ளத் தொடங்கியதும், டயாலிசிஸ் ஊசி குத்திய கையில் போட்ட கட்டோடு அவளும் இறங்கி வந்து தள்ளினாள். வீட்டுக்கு வந்து சொன்னாள்: "இன்னொரு வாட்டி நடுரோட்ல நின்னுச்சின்னா, நான் ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேங்க. போதும். பேஜாராயிடுச்சு."

சொன்னால் செய்கிறவள். அன்றிலிருந்து சம்பத்துக்குச் சோறு இறங்கவில்லை.

சிக்னலில் இப்போது அவருக்கு ஒரு பழக்கம். நியூட்ரலில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, வலது காலால் ஆக்சிலேட்டரை ஒரு நூல் அழுத்தியபடியே இருப்பார். காலை எடுத்தால் நின்றுவிடும் என்ற பயம். நடுக்கம் தொடங்கினால் இன்னும் ஒரு நூல். கண்ணாடியில் ஞானாம்பாளைப் பார்த்து, "ஒண்ணியும் இல்ல, ரோடு மோசம்" என்பார்.

"வண்டிதான் நின்னுகினு கீதே" என்பாள் அவள்.

இன்றும் கேம்ப் ரோட்டில் நடுங்கியது. எப்படியோ அணையாமல் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். மெஷினை மாட்டியதும் ஞானாம்பாள் கண்ணயர்ந்தாள். கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் சம்பத். தூக்கத்தில் அவள் மூச்சு ஒரு கணம் தடுமாறியது. அவருடைய வலது கால் தரையை மெல்ல அழுத்தியது. அப்படியே இருந்தது.

தரை துடைக்க வந்த எல்லம்மா மாப்பை நீட்டி, "அண்ணா, ரெண்டு காலையும் கொஞ்சம் தூக்கிக்கோ" என்றாள்.

சம்பத் இடது காலை மட்டும் தூக்கினார்.