ஓட்டைத் தோணியில் நின்ற எண்ணெய்

காசியம்மாளைப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் எல்லோரும் ‘ஓட்டைத்தோணிக்காரி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. அந்தப் பெயர் வந்த நாளில் அவள் புருஷன் குப்பனை அடிமையாகக் கப்பலேற்ற இருந்தார்கள்.

டச்சுக்காரர்களான ஒல்லாந்தரின் கோட்டை அங்கே இருந்த காலம். நல்லெண்ணெய்ச் சாடிகளை ஏற்றி வந்த குப்பனின் தோணி காற்றில் அலைக்கழிந்தது. பலகை மூட்டு விட்டு உள்ளே தண்ணீர் ஏறியது. சாடிகள் உருண்டு உடைந்தன. கலந்து கிடந்த எண்ணெயையும் ஏரித் தண்ணீரையும் அப்படியே மொண்டு வந்து கோட்டைக் கிடங்கின் தொட்டியில் ஊற்றினான். கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஆதிநாராயணன் நம்பவில்லை. குப்பனைக் கயிற்றால் கட்டவைத்து, ஓடி வந்த காசியம்மாளிடம் சொன்னார்.

“எண்ணெய வித்துட்டு, ஏரித் தண்ணியக் கலக்கி எடுத்தாந்திருக்கான். பொழுது சாயறதுக்குள்ள எண்ணெயக் காட்டு. இல்லன்னா இவன் கப்பல்ல போவான்.”

காசியம்மாள் ஆமணக்கு விதையைத் தண்ணீரில் காய்ச்சி, மிதக்கும் எண்ணெயை எடுப்பவள். தொட்டியிலிருந்து ஒரு சட்டி மொண்டு வைத்தாள். சோறு வேகும் நேரத்தில் எண்ணெய் மேலே வந்துவிட்டது.

“சட்டியில பிரிஞ்சா தொட்டியிலயும் பிரியும், ஐயா.”

தொட்டியில் பிரியவில்லை. வெயில் இறங்கியும் வெள்ளையாகவே இருந்தது.

“இன்னா காசி, மோர் விக்கப் போறியா?” என்றான் காவல்காரன் சுப்பன்.

ஆதிநாராயணன் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கச் சொன்னார். பிடுங்கினால் எண்ணெயும் சேர்ந்தே போகும். காசியம்மாள் சட்டியைப் பார்த்தாள். அது ஒரு சாண் ஆழம். தொட்டி ஆள் உயரம். அடியில் கிடக்கும் எண்ணெய் மேலே வர அவ்வளவு தூரம் ஏற வேண்டும். அதை அவள் இதுவரை நினைக்கவே இல்லை.

“தோணியில ஊத்துங்க ஐயா. அகலமா நிக்கும்.”

“அதான் ஓட்டையாச்சே.”

“களிமண் வெச்சு அடைக்கிறேன்.”

தோணியைத் தூக்கி, மட்டமாக முட்டுக் கொடுத்து, மொண்டு ஊற்றினார்கள். ஒரு சாண்தான் நின்றது. சூரியன் பனைகளுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மேலே மஞ்சள் படர்ந்து கனத்தது.

அவள் தோணிக்கு அடியில் புகுந்து களிமண்ணைக் கொஞ்சம் விலக்கினாள். ஒழுகியதை விரலால் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தண்ணி... தண்ணிதான்...”

கயிற்றில் கட்டுண்டிருந்த குப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

விரல் வழுக்கியது. களிமண்ணை அப்பி அழுத்தினாள்.

ஆதிநாராயணன் உள்ளே எட்டிப் பார்த்தார். விரலை விட்டு முகர்ந்தார். பிறகு குனிந்து, வாய் பிளந்திருந்த மூட்டையும் பார்த்தார்.

“கயித்த அவுத்துவிடு.”

குப்பன் தோணியருகே வந்து உட்கார்ந்தான். “எண்ணெ குடிச்ச பலகடி. இனிமே தண்ணி வாங்காது.”

களிமண்ணிலிருந்து கையை எடுக்க அவளுக்கு இன்னும் துணிவு வரவில்லை.