தங்கூசிக் கொடி

வண்டிகளைக் கழுவுவது சுஜாந்தியின் வேலை. காலை ஓட்டம் முடிந்து வந்த, மணலில் ஓட்டுகிற நாலு சில்லு மோட்டார் வண்டிகள் ஆறையும் தென்னைகளுக்கு நடுவே நிறுத்தி, ஹோஸைப் பிடித்து, சில்லுகளின் பல்லுக்குள் இறுகியிருந்த மண்ணைத் தென்னந்தும்பால் உரசி எடுப்பாள். உப்பு மண் இரும்பைத் தின்றுவிடும். எல்லாருக்கும் முன்னால் அவள் கணவன் கில்பட் ஓட்டுகிற வண்டியைக் கடைசியாகத்தான் கழுவுவாள். அன்று அதன் இடப்பக்கக் கண்ணாடி தண்டோடு காணாமல் போயிருந்தது.

கீறல்கள் அவளுக்குப் புதிதல்ல. இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வலப்பக்கம் வாங்கின அன்று போலப் பளபளத்தது. இடப்பக்கம் பூனை பிறாண்டியது மாதிரி.

"இஞ்சேருங்க, இந்தக் கண்ணாடி எங்க?"

கில்பட் தென்னங்குற்றியில் இருந்து சப்பாத்துக்குள் போன மணலைக் கொட்டிக்கொண்டிருந்தான். "பத்தைக் கிளை இழுத்துட்டுது."

"எல்லாப் பத்தையும் இடப்பக்கம்தானா முளைச்சிருக்கு?"

"ஓம், உன்ர வாய் மாதிரி. கேட்டுக் கேள்வியில்லாம முளைக்குது."

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். பிறகு அவள் குனிந்து சில்லைத் தேய்க்கத் தொடங்கினாள். அவனுக்கு இடது கண்ணில் பார்வை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள், அவ்வளவுதான். இரத்தத்தில் சீனி கூடி, அந்த வருத்தம் தின்ற கண். தேத்தண்ணிக் கோப்பையை இடப்பக்கம் வைத்தால் கை துழாவும். அதனால் வலப்பக்கம் வைக்கப் பழகிவிட்டாள். ஒற்றைக் கண்ணோடு கடலுக்குப் போய் வந்த ஆட்கள் இந்தக் கரையில் எத்தனை பேர்? மற்றக் கண் நல்லாய் இருக்கும் மட்டும் பயமில்லை என்று தனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

சுஜாந்தி முந்தல் பக்கத்துப் பெண். தலவிலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு இருபது வருசம் கருவாட்டு வாடியில் மீன் கிழித்தாள். உப்புத் தண்ணீரில் ஊறிய விரல்கள் இன்றைக்கும் மழை வந்தால் வெடிக்கும். கில்பட் படகை விற்றபோது எஞ்சின் போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னான். கற்பிட்டி ஸஜீத், கடலில் பட்டம் பிடித்துச் சறுக்க வருகிற வெள்ளைக்காரரை நம்பி நாலு சில்லு வண்டிகள் இறக்கினபோது, காட்டுப் பாதை தெரிந்த ஆளாக முதலில் தேடி வந்தது கில்பட்டைத்தான். பற்றைக்காட்டில் எந்தத் திருப்பத்தில் நாகதாளி, எந்தப் பள்ளத்தில் மாரித்தண்ணீர் நிற்கும் என்று அவன் கால்களுக்கே மனப்பாடம்.

பெண்கள் வரும் குழுக்களுக்குப் பின்னால் ஒரு பெண் வந்தால் நல்லது என்று ஸஜீத்துக்குப் பட்டபோது சுஜாந்திக்கும் ஒரு வண்டி கிடைத்தது. கடற்கரை மணலில் மூன்று நாள் விழுந்தெழும்பிப் பழகினாள். "கருவாட்டுக்காரிக்கு நாலு சில்லு முளைச்சிட்டு" என்று வாடிப் பெண்கள் சிரித்தார்கள். "உனக்குப் பொறாமையெண்டா ஏறிப் பின்னுக்கு இரு. மீன் நாத்தம் மட்டும் வேணாம்" என்று திருப்பிக் கொடுத்தாள்.

முன்னுக்குப் போகிறவன் பாதையைப் பார்க்க வேண்டும். பின்னுக்கு வருகிறவள் ஆட்களைப் பார்க்க வேண்டும். பின்னுக்கு வருகிறவள் எக்காரணம் கொண்டும் யாரையும் முந்தக் கூடாது. நிறுத்த வேண்டுமென்றால் ஹோனை நீளமாக ஒருதரம் அடிப்பாள். அதைக் கேட்டு முன் வண்டி நிற்கும். இதுதான் ஸஜீத் போட்ட சட்டம்.

அன்று பின்னேரம் ஐந்து பேர் வந்தார்கள். நெடிய ஜெர்மன்காரன் ஒருவன், அவன் மனைவி, கொழும்புப் பிள்ளைகள் மூன்று பேர். தலைக்கவசம் போட்டபோது ஜெர்மன்காரனின் உயரத்துக்குச் சுஜாந்தி எட்டித்தான் வார் பூட்டினாள். அவன் முழங்காலை மடக்கிக் குனிந்து கொடுத்து ஏதோ சொல்லிச் சிரித்தான்.

சோளகக் காற்று தென்னைகளைச் சாய்த்து வீசியது. கில்பட் முன்னால். பின்னால் ஜெர்மன்காரன், அவன் மனைவி, பிறகு ஒரே வண்டியில் கொழும்பு அக்காவும் தங்கச்சியும், அதன் பின் அவர்களின் தம்பி, கடைசியில் சுஜாந்தி. கரையை விட்டுப் பற்றைக்காட்டுக்குள் இறங்கியதும் உடைமரக் கிளைகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்தன. மணல் மாவாய்க் கிளம்பியது. அவள் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, தலைக்கவசங்களை மட்டும் எண்ணிக்கொண்டு வந்தாள்.

வழக்கமான பாதைக்குக் குறுக்கே காற்றில் விழுந்த தென்னை ஒன்று கிடந்தது. கில்பட் வண்டியை நிறுத்தி, எழுந்து நின்று, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு கையைக் காட்டிவிட்டு இடப்பக்கம் ஒடித்தான்.

அந்தத் திருப்பத்தைச் சுஜாந்தி அடைந்தபோதுதான் அது எந்தப் பாதை என்று அவளுக்கு விளங்கியது. வேம்பும் பாலையும் நிற்கிற இடம். பெருநாளுக்கு வந்து கோயில் வளவில் இடம் கிடைக்காத சனங்கள் கூடாரம் அடிக்கிற இடம்.

போன கிழமைதான் தலவிலைச் சாந்தானம்மா தேவாலயப் பெருநாள் முடிந்தது. சிலாபத்திலிருந்து சுஜாந்தியின் அக்கா மக்தலேனா குடும்பத்தோடு வந்து அந்த வேம்புக்குக் கீழ்தான் கூடாரம் போட்டாள். உடுப்புக் காயப்போட ஒரு கொடி வேண்டுமென்றதும் சுஜாந்தி வீட்டிலிருந்த தடித்த தங்கூசியைக் கொண்டுபோய் வேம்புக்கும் பாலைக்குமாக இழுத்துக் கட்டினாள். கயிறென்றால் ஈரத்தில் தொய்யும். சுறா இழுத்தாலும் அறாத அந்த நைலோன் இழை தொய்யாது. கடற்கரைச் சனம் உடுப்புக்கும் அதைத்தான் கட்டும், கூடாரத்துக்கும் அதைத்தான் கட்டும். முடிச்சும் மீன்காரர் முடிச்சு, இழுக்க இழுக்க இறுகும். ஆனால் கண்ணுக்குத் தெரியாது. இருட்டில் யாரும் முகத்தைக் கொண்டுபோய் மோதிவிடக் கூடாதென்று, மக்தலேனாவின் பழைய பாவாடையில் கிழித்த சிவப்புத் துண்டொன்றை அதன் ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டாள்.

பெருநாள் முடிந்த அடுத்த நாள் கில்பட்டை அனுப்பினாள். "அந்தக் கொடியை அறுத்துப்போட்டு வாங்க."

வந்து, "ஓம், எல்லாம் சரி" என்றான்.

அவனை அனுப்பியவள் ஏன் மறுபடி போய்ப் பார்க்கவில்லை? இப்போது வண்டியில் இருந்துகொண்டு அதைத்தான் யோசித்தாள். எல்லாம் சரி என்றால் என்ன சரி? அறுத்துப்போட்டேன் என்று அவன் சொல்லவேயில்லை. அறுத்திருந்தால் தங்கூசி எங்கே? ஒரு முழம் தங்கூசியைக் கூட வீசாத மனிசன் வெறுங்கையோடு வந்தான்.

உடைமரங்களுக்கு மேலால் வேம்பின் உச்சி தெரிந்தது.

ஹோனை அழுத்தினாள். நீளமாக, விடாமல் அழுத்தினாள். காற்று அதைப் பின்னால் வீட்டுப் பக்கம் கொண்டுபோனது. தம்பி மட்டும் திரும்பிப் பார்த்து, விளையாட்டென்று நினைத்துக் கையை ஆட்டினான். பாதை நேராக விரிந்ததைக் கண்டு முன்னால் போனவர்கள் வேகத்தைக் கூட்டினார்கள்.

அவள் வண்டியை வலப்பக்கம் பற்றைக்குள் விட்டாள்.

நாகதாளி முள் சப்பாத்துக்கு மேலால் ஏறியது. கிளையொன்று வாயில் கட்டிய துணியை உருவிக்கொண்டு போனது. தம்பியைத் தாண்டினாள். அக்காவும் தங்கச்சியும் வீரிட்டார்கள். ஜெர்மன்காரனின் மனைவி திகைத்துப்போய்த் தானாகவே நிறுத்திவிட்டாள். முன்னால் கில்பட் தன் வழக்கப்படி ஹேண்டிலின் மேல் முதுகை வளைத்து, முகத்தைப் பக்கவாட்டில் சரித்துக்கொண்டு வேம்புக்கும் பாலைக்கும் நடுவே போனான். அவன் தலைக்கவசத்தின் உச்சியில் ஏதோ தட்டியது. தொங்கிய சிவப்புத் துண்டு ஒருதரம் துள்ளியது. கிளை என்று நினைத்திருப்பான். நிற்கவில்லை.

அவன் பின்னால், நிமிர்ந்த முதுகோடு, இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு ஜெர்மன்காரன் போனான்.

"சாந்தானம்மா!" என்று கத்திக்கொண்டு அவனுக்குக் குறுக்கே வண்டியை விட்டாள்.

அவன் வண்டி அவளுடைய பின் சில்லில் வந்து இடித்தது. இரண்டும் சேர்ந்து சுழன்று மணலில் புதைந்தன. அவன் பக்கவாட்டில் விழுந்து உருண்டான். எழுந்து, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அவளுக்கு விளங்காத மொழியில் ஏசினான். ஏச்சுக்கு மொழி தேவையில்லை. சுஜாந்தி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, கையை நீட்டிக் காட்டினாள். நாலு எட்டு தள்ளி, அந்தரத்தில், ஒரு சிவப்புத் துணி காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் போய் விரலால் தொட்டான். இழை 'ணங்' என்றது. அவன் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

பின்னால் ஆளில்லை என்று கண்டு கில்பட் வண்டியை நிறுத்திவிட்டுத் தூரத்திலிருந்தே கத்திக்கொண்டு நடந்து வந்தான்.

"உனக்கென்ன விசரா? பின்னுக்கு வாறவள் முன்னுக்கு வாறதா? ஆளைக் கொல்லப் பாத்தியா?"

அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பி வருகிறவனுக்கு இப்போது அந்தச் சிவப்புத் துணி வலப்பக்கம். நல்ல கண் பக்கம். காண்பான், நிற்பான் என்று காத்துக்கொண்டிருந்தாள். அவன் நேராக வந்தான். கையை வீசி வீசி, அவள் நிற்கும் திசையை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தான்.

"நில்லுங்க!"

அவன் நின்றான். தங்கூசி அவன் நெற்றிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. துணியின் நுனி அவன் வலது கன்னத்தில் பட்டும் படாமலும் ஆடியது.

"என்ன?" என்றான். "என்னத்துக்கு நிக்கச் சொல்றாய்?"

மற்றக் கண் நல்லது என்று இவ்வளவு நாளும் அவள் போட்டு வைத்த கணக்கு பிழை.

சாவி வளையத்தில் வண்டித் திறப்புகளோடு தொங்கிய சூரிக்கத்தியை எடுத்துப் போய் இழையை அறுத்தாள். அது சுருண்டு பாலைமரத்துப் பக்கம் பாய்ந்தபோதுதான் அவன் முகம் மாறியது. திரும்பும்போது அவள் முன்னுக்குப் போனாள். யாரும் சொல்லவில்லை. அவன் பின்னுக்கு வந்தான்.

வளவில் ஸஜீத் ஓடி வந்தான். "அல்லாஹ்வே, என்னக்கா நடந்த?"

"ஆரோ பெருநாளுக்குக் கட்டின தங்கூசி" என்றான் கில்பட், அவள் சொல்லும் முன்பே. "அவுக்காமப் போயிட்டாங்க."

ஜெர்மன்காரன் சுஜாந்தியைக் காட்டி, நல்ல கையால் நெஞ்சைத் தொட்டு என்னவோ சொன்னான். ஸஜீத் அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேனில் ஏற்றினான். "கையில வீக்கம் மட்டும்தான் போல. நாளைக்கிக் காலையில ஆறு வண்டியும் போகணும். எல்லாம் குடும்பம், சின்னப் புள்ளையளும் பின்னுக்கு இருந்து போகும். கில்பட் அண்ண முன்னுக்குப் போனாத்தான் எனக்கு மனசாறும். அக்கா, நான் பொறகு கோல் எடுக்கிறேன், சரியா நடந்ததைச் சொல்லுங்க."

வீட்டில் பாணும் மீன் சொதியும் வைத்தாள். கில்பட் கதிரையில் இருந்து பாணைப் பிய்த்தான், வாயில் வைக்கவில்லை. அவளுடைய கணுக்காலில் முள் முறிந்து வீங்கியிருந்தது. ஊசியால் கிண்டிக்கொண்டே கேட்டாள்.

"கொடியை அறுக்கப் போனீங்களா, இல்லையா?"

"போனன்."

"பொறவு?"

"காணேல்ல. ஆரோ அவுத்துட்டாங்க எண்டு நெனச்சன்."

"சிவப்புத் துணி முடிஞ்சிருந்தன்."

அவன் பாணை வைத்தான்.

"இடது கண் எனக்குத் தெரியும்" என்றாள். "மற்றது எப்ப இருந்து?"

"படகை வித்த வருசம் இடது. இது... இந்த வருசம் தொடங்கினது. பகல்ல பாதை தெரியும் சுஜா. பாதை எனக்கு மனப்பாடம். புதுசா ஒண்டு குறுக்க வந்தாத்தான்."

"நாளைக்கு வாறதெல்லாம் சின்னப் பிள்ளையள்."

"ஒரு நாள். நாளைக்கு மட்டும். நீ எனக்குக் கிட்ட வா, ரெண்டாவதா. ஏதாவது எண்டா ஹோன் அடி."

"இண்டைக்கும் அடிச்சன். கேட்டுதா?"

வேறு யாராவது கேட்டிருந்தால் பகிடி ஒன்று சொல்லி மழுப்பியிருப்பான். அவளிடம் அவனுக்குப் பகிடி தீர்ந்துபோயிருந்தது. அலுமாரிக்கு மேலே போன் அடித்தது. திரையில் ஸஜீத்தின் பெயர். அவள் எழுந்து அதை எடுத்தாள். அடித்துக்கொண்டேயிருந்தது.

கில்பட் அவளிருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினான். எழும்பிப் போனவளைத் தேடி அவன் பார்வை ஒரு கணம் வெறுங்கதிரையில் நின்றது.

"சுஜா. என்ன சொல்லப் போறாய்?"

அவள் அவனுடைய தேத்தண்ணிக் கோப்பையை நகர்த்தி அவன் விரலில் படும்படி வைத்தாள். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஓம் தம்பி, நடந்ததைச் சொல்லுறன்" என்றபடி கதவைச் சாத்திவிட்டு வெளியே போனாள்.