கொழும்புக்காரர் வைத்த கண்ணாடி

நாராயணபெருமாள் பிறந்தது பூதப்பாண்டிப் பக்கம், ஒரு மலையடிவாரத்தில். பிழைக்கப் போனது கொழும்புத் துறைமுகத்துக்கு. அங்கே பாதி ஆயுள் மூட்டை சுமந்தவரைக் கடைசியில் கள்ளத்தோணி என்று துரத்திவிட்டார்கள். 1948-இல் ஒரு டிரங்குப் பெட்டியும் சாக்கில் சுற்றிய ஆளுயரக் கண்ணாடியுமாக ஊர் வந்து சேர்ந்தார். சொந்த மண்ணில் தன் சாமியான அய்யாவுக்குத் தாங்கல் என்று ஒரு சின்னக் கோயில் வைத்துக் கும்பிட்டபடியே கண்ணை மூட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

அய்யாவழிக்காரர்களின் தாங்கலில் சிலை கிடையாது. கண்ணாடிதான். தலைப்பாகை கட்டி அதன் முன்னே நின்று, தங்களுக்குள் இருப்பவனைக் கும்பிடுவார்கள். கூப்பிடு தூரத்தில் இருந்த பெரிய தெருக்காரர்களுக்கு இது தெரியாது. அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாலே தீட்டு என்று தலைமுறை தலைமுறையாக ஒதுங்கி நின்றவர்களுக்கு எப்படித் தெரியும்?

அது ஐதராபாத்தில் இந்தியப் படை புகுந்து சண்டை நடந்த மாதம். தோப்பில் தேங்காய் களவு போனாலும் எதிரியின் ஆள் என்றுதான் பேச்சு. நாராயணபெருமாளின் ஓலைக்குடிசைக்கு இன்னும் கதவு வைக்கவில்லை. காலை வெயில் உள்ளே கண்ணாடியில் பட்டு, வயலைத் தாண்டிப் பெரிய தெருவில் அடித்தது. கொழும்பிலிருந்து வந்தவன் விமானத்துக்கு விளக்கு காட்டுகிறான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்தது.

உச்சிவேளையில் கம்புகளோடு பத்துப் பேர் போனார்கள். முன்னால் நின்றவர் பண்ணையார் பூதலிங்கம்.

“ஏலே, யாருக்குலே வெளிச்சம் காட்டுதே?”

“ஒண்ணும் காட்டல்ல பண்ணையாரே. அய்யாவக் கும்பிடுகேன். உள்ள வந்து பாருங்க.”

குனிந்துதான் நுழைய வேண்டும். பண்ணையார் குனிந்தார். வெயிலிலிருந்து இருட்டுக்குள் போனவர் எதிரே கம்பும் கையுமாக ஒருவன் நிற்பதைக் கண்டார். பதறி ஓங்கி அடித்தார். கண்ணாடி நொறுங்கி விழுந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பண்ணையார் தன்னைக் கண்டே பயந்தார் என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? உள்ளே கம்போடு ஒருவன் இருந்தான், தப்பிவிட்டான் என்று அவர் போலீசில் சொன்னார். கண்ணாடிச் சில்லுகளை மிதித்து நின்ற பத்துப் பேரும் ஆமாம் என்றார்கள்.

“கூட இருந்தவன் எங்கடே?” என்று கேட்டுக் கேட்டு ஸ்டேஷனில் போலீஸ்காரர்கள் அடித்தார்கள்.

“அவன் பண்ணையாரு வீட்டுலதான் இருக்கான்” என்றார் நாராயணபெருமாள். அதற்கும் அடி விழுந்தது.

அவர் உள்ளே கிடந்த நாட்களிலும் தேங்காய் களவு நிற்கவில்லை. கடைசியில் விட்டுவிட்டார்கள். காலை இழுத்துக்கொண்டு வந்தவர், சில்லுகளில் பெரியதைப் பொறுக்கிச் சுவரில் பதித்தார். தலைப்பாகை கட்டி அதன் முன்னே நின்றார். சாகும்வரை அதைத்தான் கும்பிட்டார். அந்தத் துண்டில் முகம் மட்டும்தான் தெரியும். கையில் கம்பு இருந்தால் தெரியாது.